ஷம்ஷாத் அக்காவும் கப்பல் பீப்பாயும்

என் அக்கா ஷம்ஷாத்துக்குப் பல வருடங்களாக ஒரே ஆசைதான். ராயபுரத்து வீட்டின் முன்ரூம் தனக்கு வேண்டும். அந்த ரூமில் குடியிருப்பதோ அவள் கணவர், என் மச்சானின் பைக்.

எங்கள் பக்கத்தில் பைக் வீட்டுக்குள் படுப்பது புதிதல்ல. தெருவில் விட்டால் காலையில் பெட்ரோல் இருக்காது. இருந்தாலும் கடல் காற்று சும்மா விடாது, ஒரே மழைக்காலத்தில் சைலன்சரை அரித்துத் தின்றுவிடும். அதனால் வாசற்படியில் பலகையைச் சாய்த்து வண்டியை உள்ளே ஏற்றிவிடுவார்கள். மச்சான் ஹபீபுல்லா திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட் என்றால் மறுவாரம் இரவு ஷிஃப்ட். எந்த ஷிஃப்டாக இருந்தாலும், அவர் தூங்கும்போது வண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

அக்கா தையல்காரி. ரவிக்கையும் சுடிதாரும் அவள் கை வைக்காதவை. ஆட்டோவுக்கு டாப், பைக்குக்குச் சீட் கவர், மீன்பாடி வண்டிக்கு மழைப் படுதா, இதெல்லாம்தான் அவள் வேலை. இதற்குத் தரை வேண்டும். ஓர் ஆட்டோ டாப்பை விரித்தால் அடுப்படி முழுவதும் மறைந்துபோகும். தைக்கும் நேரத்தில் சமைக்க முடியாது, சமைக்கும் நேரத்தில் தைக்க முடியாது. அவள் மகள் உமைமா பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பாள்: "இன்னிக்கி இன்னாம்மா, சோறா? ஆட்டோவா?"

மச்சான் ரூமை விட்டுக்கொடுக்காததற்குப் பைக் மட்டும் காரணமில்லை. அக்கா எதையும் முடிக்க மாட்டாள் என்பது அவருடைய நெடுநாள் புகார். அது பொய்யும் இல்லை. அந்த வீட்டில் சுவர் அலமாரி ஒரு பக்கத்துக் கொக்கியில் தொங்கும். மறுபக்கத்துக் கொக்கி அலமாரியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி மாட்டியதிலிருந்து அது புகையை வெளியே தள்ளாமல், பக்கத்து வீட்டு அன்புக்கரசி வறுக்கும் மீன் வாசனையை உள்ளே இழுத்துத் தருகிறது. மிக்ஸி ஏன் கருகல் நாற்றம் அடிக்கிறது என்று பிரித்தாள். காரணம் தெரிந்துவிட்டது. அதோடு சரி, மிக்ஸி இன்னும் ஒரு துணிப்பையில் துண்டு துண்டாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் சோம்பேறித்தனம் இல்லை அது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை அக்காவுக்குச் சோறு இறங்காது. தெரிந்துவிட்டால் அந்தப் பொருளே மறந்துபோகும்.

அப்படிப்பட்டவளிடம்தான் அந்தப் பீப்பாய் வந்து சேர்ந்தது.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரத்தில் பெரிய மாத்திரை போல வெள்ளையாக ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். கப்பல் மூழ்கினால் அதைக் கடலில் தள்ளி, அதிலிருந்து வரும் கயிற்றை இழுக்க வேண்டும். பீப்பாய் இரண்டாகப் பிளந்து, கூரை வைத்த ரப்பர் படகு ஒன்று தானே ஊதிக்கொண்டு வெளியே வரும். காலாவதியானால் காயலான் கடைதான் அதற்குக் கதி. அக்காவுக்குப் படகு வேண்டாம், அதன் ஆரஞ்சு நிறத் துணிதான் வேண்டும். எந்த மழைக்கும் அசையாத துணி, மூன்று ஆட்டோவுக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"உள்ள ஒண்ணியும் வேலை செய்யாதுக்கா. டேட்டு முடிஞ்சி எத்தினி வருசம் ஆச்சி. வெறும் துணி, ரப்பரு, அவ்ளோதான்" என்று கடைக்காரன் தௌசீஃப் அடித்துச் சொல்லியிருக்கிறான்.

நான் அப்போது வேலை பார்க்கும் ஊரான ராட்டர்டாமில் இருந்தேன். பீப்பாய் வந்த அன்று அக்கா அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு என்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். பீப்பாய் முன்ரூமில் இருந்தது. இரவு ஷிஃப்ட் முடித்த மச்சான் பீப்பாய்க்கும் பைக்குக்கும் நடுவில் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே அக்கா எதையோ இழுத்துச் சுருட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன்.

"என்னக்கா அது?"

"பீப்பாவுலேர்ந்து கயிறு ஒண்ணு வருதுடா. இஸ்தா வந்துகினே கீது. எவ்ளோதான் கீதுன்னு பாக்கறேன்."

"இழுக்காதேக்கா. அது எதுக்கு இருக்குன்னு தெரியாம—"

"அதத் தெரிஞ்சிக்கத்தானே இஸ்துகினு கீறேன். தோ, இறுகுது பாரு. முடிஞ்சிபோச்சி போல."

கடைசியாக ஒரு சுண்டு சுண்டி இழுத்தாள்.

லாரி டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம். போன் மல்லாக்க விழுந்து, எனக்கு அடுப்படி விட்டம் மட்டும் தெரிந்தது. பிறகு விட்டமும் மறைந்து திரை முழுக்க ஆரஞ்சு. பெருமழை போல ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து மச்சானின் குரல்: "யா அல்லாஹ்! ஷம்ஷாத்து! இன்னாடி வுட்ட உள்ள!"

அதோடு அழைப்பு அறுந்துவிட்டது. அந்த மாதிரிப் படகுகளை ஊதுவது என்ன வாயு, மூடிய அறையில் அது மனிதனை என்ன செய்யும் என்றெல்லாம் நான் இங்கே கணினியில் படித்துக்கொண்டிருந்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

நடந்ததை உமைமாதான் பிறகு சொன்னாள். படகு முன்ரூமை முழுவதுமாக நிரப்பிவிட்டது. தெருக்கதவு உள்பக்கம் திறப்பது, அதனால் யாரும் நுழைய முடியவில்லை. மச்சான் சுவரோடு ஒட்டி, பைக்கைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். நல்லவேளையாக ஜன்னல் திறந்திருந்தது. அன்புக்கரசி கம்பி வழியாக அவருக்கு விசிறிக்கொண்டே, "மூச்சு வுடுண்ணே, மூச்சு வுடு" என்று கத்திக்கொண்டிருந்தாள். அடுப்படிப் பக்கத்தில் படகின் வாசல் சரியாக அக்காவைப் பார்த்துத் திறந்திருந்தது. அவள் குனிந்து அதற்குள் நுழைந்தாள், மறுபக்கமாகப் புருஷனிடம் போய்விடலாம் என்று.

போய்ச் சேரவில்லை. உள்ளே கூரை இருந்தது, ஜன்னல் இருந்தது, சுற்றிலும் சாய்ந்துகொள்ளத் திண்டு மாதிரி குழாய் இருந்தது. பக்கவாட்டுப் பைகளில் என்னென்னவோ இருந்தன. அக்கா ஒவ்வொரு பையாகத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, எங்கடி போன?"

"உள்ளதாங்கீறேன். எவ்ளோ எடம் கீது தெரியுமா! நாலு பேரு தாராளமாப் படுக்கலாம்!"

"நான் இங்க சாவுறேன்டி!"

"ஒரு நிமிசம் இரேன். இங்க ஒரு மூடி கீது, இன்னான்னு பாக்கறேன்."

அந்த மூடிதான் காற்றை இறக்குவது. அவளுடைய ஆர்வமே அன்று மச்சானை உள்ளே தள்ளியது, அதுவே வெளியேயும் விட்டது. படகு இளைத்துத் தரையில் படிந்தபோது, பைக்கின் கால்மிதி குத்திய இடத்தில் கீழ்க்குழாயில் ஒரு கிழிசல் தெரிந்தது. படகு மடிப்பில் தூவியிருந்த பவுடரால் மச்சான் தலையெல்லாம் வெள்ளை மாவாக, கிழிசலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

"ஒண்ணையாச்சும் நீ முழுசா முடிச்சிருக்கியா? சொல்லு. ஒண்ணு."

"முடிச்சிக் காட்டுனா?"

"காட்டுனா இன்னா?"

"இந்த ரூமு எனக்கு."

மச்சானுக்குக் கோபம் வந்தால் பந்தயம் கட்டுவது வழக்கம். "சரி. இத்த நீ கூடாரமாக்கு. நாம நாலு பேரு ஒரு ராத்திரி உள்ள படுக்கணும். விடிகால சுபுஹு பாங்கு வரைக்கும் ஒருத்தரும் வெளிய வரக்கூடாது, இது சாயவும் கூடாது. நடந்துச்சின்னா வண்டிய நான் தெருவுல வுட்டுக்கறேன்."

"நடக்கலன்னா?"

"ஆயுசுக்கும் இந்த ரூமு பேச்சே எடுக்கக்கூடாது."

"வூட்ல நாம மூணு பேருதானே?" என்று உமைமா கேட்டிருக்கிறாள்.

"லீவுல வரான்ல, உங்க மாமு! அவன் எதுக்குக் கீறான்?"

இப்படித்தான் நான் நாலாவது ஆள் ஆனேன்.

ஜனவரியில் நான் வந்து இறங்கியபோது கூடாரம் ஏறக்குறையத் தயார். கிழிசலுக்குப் பஞ்சர் கடைப் பட்டை போட்டு ஒட்டியிருந்தாள். வாசலுக்குக் கொசுவலை தைத்திருந்தாள். பஞ்சர் கடையில் காற்று அடித்துப் பார்த்ததில் சாயங்காலம்வரை நின்றதாம். ராத்திரி முழுக்க நிற்குமா என்று கேட்டேன். "அத்தத்தானே பாக்கப் போறோம்" என்றாள். கண்ணில் அப்படி ஒரு ஒளி.

மொட்டை மாடியில் மூன்று வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளும் துணிக்கொடிகளும் இருந்தன. அதனால் இடம் வேறு தேட வேண்டியிருந்தது. மச்சானோடு யார்டில் வேலை செய்யும் வெற்றிக்கு ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். "எங்க சவுக்குத் தோப்புல வந்து போடுண்ணா. எவன் கேப்பான்?" என்று சொல்லியிருந்தான். நான் இருக்கும் நாட்டில் கூடாரம் போட முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எண் போட்ட இடம் தருவார்கள், குளியலறைக்குச் சாவி தருவார்கள். ஆகவே நான்தான் கேட்டேன், பர்மிஷன் யாரிடம் வாங்கியிருக்கிறோம் என்று. மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெற்றி அம்மா கைல."

சனிக்கிழமை மதியம் எம்.கே.பி. நகர் செங்குட்டுவன் தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தான். கூடாரம், காற்றடிக்கப் பஞ்சர் கடையிலிருந்து இரவல் வாங்கிய பெட்ரோல் கம்ப்ரஸர், தலையணைகள், பாய்கள், ஸ்டவ், பிரியாணிக் குண்டான், இரண்டு கேன் தண்ணீர், ஒரு பக்கெட், மடக்கு நாற்காலி. கடைசியாக ஒரு துணிப்பை.

"வூடு காலி பண்றீங்களாக்கா?" என்றான் செங்குட்டுவன்.

பையைத் திறந்து பார்த்த உமைமா, "அம்மா! மிக்ஸி எதுக்கும்மா? அங்க கரன்டே கெடையாது!" என்றாள்.

"சும்மா குந்தினு இருக்க சொல்லோ மாட்டிப் பாக்கலாம்னுதான்."

எண்ணூர் தாண்டும்வரை கன்டெய்னர் லாரிகள் எங்களை நகர விடவில்லை. நான் வழியெல்லாம் கொசுவையும் பாம்பையும் அலையையும் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றுக்கும் உமைமா, "ஆமா மாமு, கீது" என்று ஒரே பதிலைச் சொன்னாள்.

குப்பத்தில் இறங்கியதும் மச்சானின் சுபாவம் மாறிவிட்டது. பந்தயத்தில் எதிர்ப்பக்கம் நிற்பவர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கலாம். ஆனால் எதையும் கட்டாமல் விட்டால் அவருக்குக் கை அரிக்கும். கன்டெய்னருக்குள் சரக்கைக் கட்டும் பட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். காற்றடித்து எழுந்த கூடாரத்தை நாலு சவுக்கு மரத்தோடு இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கட்டையும் உதைத்துப் பார்த்தார்.

"அத்தா, நீங்க எந்தக் கச்சி?" என்றாள் உமைமா.

"கட்டுன சரக்கு நவுந்தா எனக்குத்தான்டி அசிங்கம்."

அந்திநேர மஃரிப் தொழுகைக்கு நேரம் நெருங்கியது. உள்ளே தொழுகைப் பாயை விரிக்கப் போன மச்சான் அப்படியே நின்றுவிட்டார். "ஷம்ஷாத்து. இத்தத் தெருவுல காயப் போட்டப்ப நாய் ஏறிப் படுத்துகினு இருந்துச்சில்ல?"

அக்கா பிரியாணிக் குண்டானின் மூடியைச் சரிசெய்யப் போனாள்.

"நக்குச்சா இல்லியா?"

"...நக்குச்சி."

எங்கள் வீட்டில் ஷாஃபி சட்டப் பிரிவின் வழக்கம். நாய் நக்கினால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணைக் கலந்து. ராயபுரத்தில் லாரித் தண்ணீரை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரியதை ஏழு தடவை கழுவ முடியாது என்பதால், அக்கா ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டிருந்தாள். அதாவது இதையும் முடிக்கவில்லை.

"அத்தா, பந்தயத்துக்காகத்தானே கெளப்புறீங்க?" என்றாள் உமைமா.

"மார்க்க விசயத்துல வெளயாடுவேனாடி நான்?"

மண்ணுக்கும் தண்ணீருக்கும் அங்கே பஞ்சமில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கும் கூடாரத்துக்குமாக நடந்தோம். உள்ளேயும் வெளியேயும் ஊற்றித் தேய்த்தோம். ஏழாவது தடவை முடிந்தபோது கூடாரத்துக்கு அடியில் ஒரு குட்டையே தேங்கியிருந்தது. துடைத்து, பாய் விரித்து, மச்சான் முன்னே நிற்க நாங்கள் தொழுது முடித்தோம். வெளியே வந்தால் சவுக்கு மரங்கள் விட்டு விட்டு வெள்ளையாகத் தெரிந்தன.

கூடாரத்தின் உச்சியில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கண்ணைக் குத்தும் வெளிச்சம். அங்கே அப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் அதுவரை கவனிக்கவில்லை.

"தொட்டியா எதையாச்சும்?" என்றார் மச்சான்.

"சத்தியமாத் தொடல" என்றாள் அக்கா. அவள் குரலில் பயம் இல்லை, ஆனந்தம் இருந்தது. "ஒண்ணியும் வேலை செய்யாதுன்னானே அந்த தௌசீஃபு!"

சுவிட்சைத் தேடினோம். அப்படி எதுவும் இல்லை. தேடிக்கொண்டிருந்தபோதே ஏரிப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது. ஒரு படகு, பின்னால் இன்னொன்று. கரை தட்டியதும் ஏழெட்டுப் பேர் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடி வந்தார்கள். "எத்தினி பேரு? யாரு மூழ்கினது?" என்று கத்தினார்கள். ஒருவன் கையில் கயிறு, இன்னொருவன் கையில் போர்வை.

யாரும் மூழ்கவில்லை, நாங்கள் பிரியாணி சாப்பிட வந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வெற்றி மூச்சிரைக்க ஓடி வந்து நடுவில் நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா கெங்கம்மா. எங்களுக்குப் பர்மிஷன் தந்தவள்.

"ஏன்டா வெற்றி, கூடாரம்னு சொன்ன. கலங்கரை வௌக்கக் கொண்ணாந்து நட்டு வச்சிருக்க?"

"அது தானா எரியுதும்மா."

"தானா எரியுதோ தீ வச்சி எரியுதோ. இன்னும் பத்து படகு ஏரிக்குள்ள கீது. கரை வெளிச்சத்தப் பாத்துதான் அதுங்க திரும்பும். இது இப்டி மின்னிகினு இருந்தா எவன் எங்க போயி முட்டுவான்னு யாரு கண்டா?" அக்காவின் பக்கம் திரும்பினாள். "தோ பாரும்மா, இத்த அணை. இல்லியா, சுருட்டிகினு வூடு போயி சேரு."

மச்சான் இப்போது எதுவும் செய்யத் தேவையில்லை. சும்மா நின்றால் போதும், ரூம் அவருக்கே. எனக்கே அது புரிந்தபோது அவருக்குப் புரியாமல் இருக்குமா?

"ஒயர அறுத்து வுடுக்கா" என்றான் ஒருவன்.

அக்காவின் கையில் தையல் கத்தரி வந்துவிட்டது. வயரைப் பிடித்தாள். பிடித்தவள் அறுக்கவில்லை. "எங்கேர்ந்து வருது இது?" என்று கூரையிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து அடிப்பக்கத்துக்கு விரலால் தொடர்ந்துகொண்டே போனாள்.

"அறுக்கா!"

"இருப்பா, அறுத்துட்டா அப்பால எப்டித் தெரியும்? தூக்குங்க கொஞ்சம்."

யாரையும் மீட்க வழியில்லாமல் நின்ற அந்த ஏழெட்டுப் பேரும் கூடாரத்தை ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். அக்கா அடியில் ஊர்ந்தாள். வெளியே வந்தபோது அவள் உள்ளங்கையில் சோப்பு டப்பா அளவில் துளை போட்ட ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து நீர் சொட்டியது.

"தண்ணிதாங்க! தண்ணி உள்ள பூந்தா எரியுது. கடல்ல வுழுந்தா தானா எரியணும்ல, அதுக்கு. நாம ஏழு தபா ஊத்தி எழுப்பி வுட்டுட்டோம்!"

கெங்கம்மாவே கோபத்தை மறந்து குனிந்து பார்த்தாள். "தண்ணியிலயா எரியுது?"

"அதான் எரியுதே, பாரேன்!"

பெட்டியை உதறினாள், துளைகளில் ஊதினாள். விளக்கு சிமிட்டிக்கொண்டேதான் இருந்தது. அவள் துப்பட்டா நனைந்திருந்தது, எல்லாருடைய துணியும் நனைந்திருந்தது. அப்போது மச்சான் கூடாரத்துக்குள் போய், தான் தலைக்கு வைத்துக்கொள்ள மடித்து வைத்திருந்த உலர்ந்த லுங்கியை எடுத்து வந்தார். பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிச் சுற்றி, இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு மணலில் குந்தினார். ஈரம் ஏறிய பக்கத்தை மாற்றி மாற்றிச் சுற்றினார். சிமிட்டல் மெதுவாகியது. ஒரு தடவை நின்றதுபோல இருந்து மறுபடி வந்தது. எல்லாரும் அண்ணாந்தே நின்றார்கள். பிறகு அது வரவில்லை.

குப்பத்து ஆண்கள் கை தட்டினார்கள். ஒருவன் விசில்கூட அடித்தான். அதற்குப் பிறகு அவர்கள் வலைக்குத் திரும்பினார்களா என்றால், பாதிப் பேர் திரும்பவில்லை. முதலில் கூடாரத்துக்குள் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கெங்கம்மா உள்ளே போய்க் குழாயில் சாய்ந்து உட்கார்ந்து, "மெத்தை கணக்கா கீதே" என்று ஒரு தட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

எல்லாரும் போன பிறகு உமைமா கேட்டாள்: "அத்தா, கம்முனு நின்னிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே?"

"ஊருக்காரன் பொழப்புல மண்ண வாரிப் போட்டுதான் ஜெயிக்கணுமா? போயி படுடி."

நாலு பேரும் உள்ளே படுத்தோம். அக்கா படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. கூடாரம் மெல்லத் தளர்ந்து, கூரை என் நெற்றிக்கு இறங்கி வருவதுபோலத் தோன்றியது. பிரமையோ என்று கையை நீட்டிப் பார்த்தேன். பிரமை இல்லை. அக்காவை எழுப்பலாமா என்று யோசித்தபோது இருட்டில் 'புஸ்... புஸ்...' என்று ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கூரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. அந்த ராத்திரியில் அந்தச் சத்தத்தைப் பல தடவை கேட்டேன். எனக்கு அதைக் கேட்டுக்கொண்டேதான் தூக்கம் வந்தது.

ஏரிக்கு அப்பாலிருந்து சுபுஹு பாங்கு நூல் போல வந்தபோது நாலு பேரும் உள்ளே இருந்தோம். கூடாரம் விறைப்பாக நின்றது. உமைமா எழுந்து குதித்தாள். அக்கா குழாயைத் தட்டிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "நின்னுச்சி பாத்தியா! என் பட்டை நின்னுச்சி!"

தொழுகை முடிந்து டீ கொதித்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் யார்? ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்ப் பட்டையின் மேல் தடவினாள். ஓரத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

"ஓட்டை கீதே" என்றாள். "ராவெல்லாம் எறங்கியிருக்கணுமே. அப்ப காத்து எப்டி நின்னுச்சி?"

"குளுருக்குக் காத்து கெட்டியாப் பூடும்" என்றார் மச்சான், டீயை ஊதியபடி.

"குளுருனா சுருங்கும், கெட்டியாவாது. நீ நேத்து எங்க படுத்த?"

"இன்னாடி இது, போலீஸ் கணக்கா."

அக்கா உள்ளே போனாள். மச்சானின் பாயைத் தூக்கினாள். அடியில் துருத்தி போல ஒரு கைப்பம்ப் இருந்தது, படகோடு வந்தது. அதன் குழாய் உள்பக்க மூடியில் இன்னும் சொருகியபடியே இருந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். மச்சானின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"கொசு" என்றார் அவர்.

"உள்ளங்கைலயா?"

"எங்க ஊரு கொசு எங்க வேணா கடிக்கும்" என்று, டீ குடிக்க வந்திருந்த வெற்றி உதவிக்கு வந்தான்.

அக்கா டீயைக் கீழே வைத்தாள். "அப்ப நான் ஜெயிக்கல."

"ஏன் ஜெயிக்கல? நாலு பேரும் உள்ள இருந்தோமா? பாங்கு வரைக்கும் இருந்தோமா? இது சாஞ்சிதா? அதானே பேச்சு?"

"நீ அடிச்சிகினே இருந்தா எப்டி சாயும்? நான் முடிக்கல அத்த."

"யாரு அடிக்கணும்னு பேச்சுல வரவேயில்ல. ரூமு உன்னுது."

"எனக்கு வாணாம்."

"வச்சிக்கோடின்றேன்!"

"முடிக்காம வாணான்றேன்!"

இத்தனை வருடம் ரூமைக் கேட்டவள் வேண்டாம் என்றாள், தராதவர் வாங்கிக்கொள் என்று கத்தினார். குட்டியானை எண்ணூரைத் தாண்டும்போதும் இது ஓயவில்லை. செங்குட்டுவன் என் காதருகே வந்து, "இன்னாண்ணே, சொத்துப் பிரச்சனையா?" என்றான்.

வீடு வந்ததும் மச்சான் பேசாமல் பலகையைச் சாய்த்து, பைக்கைத் தெருவில் இறக்கி, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டார். அன்று ராத்திரி நாலைந்து முறை எழுந்து அதை எட்டிப் பார்த்தார். முன்ரூம் காலியாகவே கிடந்தது. அக்கா தையல் மெஷினை நகர்த்தவில்லை. கூடாரத்தைக் காலி ரூமில் விரித்து, பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி தொடங்கினாள். ரப்பரைச் சுரண்டினாள், ஒட்டினாள், காற்றடித்தாள், சோப்புத் தண்ணீர் தடவினாள். குமிழி வந்தது. மறுபடி பிய்த்தாள். பஞ்சர் கடைப் பசை இந்த ரப்பரைப் பிடிக்காது என்பதைக் கண்டுபிடித்த அன்று அவள் நிறுத்திவிடுவாள் என்றுதான் நானும் உமைமாவும் நினைத்தோம். காரணம்தான் தெரிந்துவிட்டதே. ஆனால் புர்காவை மாட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், படகுக்காரர்களிடம் விசாரித்து வேறு பசை வாங்கி வந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பசை காய்ந்ததும் காற்றடித்தாள். ரூம் மறுபடி ஆரஞ்சாகியது. அன்று முழுக்க அதைச் சுற்றி ஒட்டி ஒட்டியே நடந்தோம். மறுநாள் விடிந்ததும் மச்சான்தான் முதலில் போய்க் குழாயில் குத்தினார். கை திரும்பி வந்தது. அக்காவுக்குக் கைப்பம்ப் மேல்தான் சந்தேகம். அதை அவள்தான் முந்தின நாளே அன்புக்கரசி வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள், மச்சான் கைக்கு எட்டாமல் இருக்க. அது அங்கேயே இருக்கிறதா என்று அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த கையோடு, "மெஷினத் தூக்குங்க" என்றாள்.

மிக்ஸி இன்னும் பையில்தான் இருக்கிறது.

நான் ஊருக்குக் கிளம்பும் வாரம், முன்ரூம் தரையில் ஓர் ஆட்டோ டாப் முழுசாக விரிந்து கிடந்தது. அடுப்படியில் சோறு வெந்துகொண்டிருந்தது. பகல் ஷிஃப்டுக்குப் புறப்பட்ட மச்சான் வெயிலில் நின்ற பைக்கில் உட்கார்ந்தார், அடுத்த நொடியே அலறிக்கொண்டு எழுந்தார்.

"அடியே! சீட்டு நெருப்பா சுடுதுடி! ஒரு கவரு தச்சிப் போடேன்!"

அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வரிசைல நில்லு. உனக்கு முன்னாடி ரெண்டு ஆட்டோ கீது."